மனத்தை வெறுமையாக்கச் சொல்லாதீர்கள், திரும்பி வரக் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி மாணவர்களின் கவனச் சிதறலைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் தொடர்ந்து படித்துவருகிறேன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்து நிமிடத் தியானத்தைக் கட்டாயமாக்கிவிட்டால் பிள்ளைகளின் மனம் ஒருமைப்பட்டுவிடும் என்று கடிதம் எழுதியவர்களில் பலர் கருதுகிறார்கள். அவர்களுடைய அக்கறையில் எனக்கு ஐயமில்லை. நான் 33 ஆண்டுகள் தமிழாசிரியையாக வேலை பார்த்தவள். மூச்சைக் கவனிக்கும் பயிற்சியை ஏறத்தாழ பத்து ஆண்டுகளாக நாள்தோறும் செய்துவருபவள். அந்த ஐந்து நிமிடத்தில் பிள்ளைகளிடம் என்ன சொல்லப்படுகிறது என்று பார்க்காமல் அதைக் கட்டாயமாக்கினால், தங்களுக்கு ஏதோ குறை இருக்கிறது என்ற முடிவுக்குத்தான் அவர்கள் வருவார்கள் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன்.

என் மகன்வழிப் பேத்தி ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். அவள் படிக்கும் பள்ளியில் இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்திலிருந்து, முதல் பாடவேளைக்கு முன்பாக ஒலிபெருக்கியில் ஒரு பதிவைப் போடுகிறார்கள். கண்களை மூடிக்கொள்ளுங்கள், எண்ணங்களை எல்லாம் விரட்டுங்கள், மனத்தை வெறுமையாக்குங்கள் என்று புல்லாங்குழல் இசைக்கு நடுவே ஒரு குரல் சொல்லிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் வகுப்பாசிரியை வருகைப் பதிவேட்டை எழுதி முடிப்பார். கண்ணைத் திறந்த பிள்ளையின் பெயர் கரும்பலகையில் ஏறும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பாயி, எல்லாருக்கும் மனசு காலியாவுது, எனக்கு மட்டும் ஆவ மாட்டேங்குது. கண்ணை மூடினாலே கணக்கு டெஸ்டுதான் வருது" என்றாள். சொல்லும்போது கீரைத் தண்டு ஒன்றை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தாள். அவள் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். அந்த நாற்பது பேரில் ஒருவருக்கும் மனம் காலியாகியிருக்காது என்று அவளிடம் சொல்வதற்கு அந்தப் பள்ளியில் யாரும் இல்லாமல் போனதுதான் என்னை இந்தக் கடிதத்தை எழுதவைத்தது.

இன்று 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்ற பெயரில் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் புழங்கும் பயிற்சிக்கு மூலமானது, பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் உள்ள 'ஸதி' என்ற சொல். வடமொழியில் ஸ்மிருதி என்பதும் அதுவே. இலங்கையில் அரசுப் பணியில் இருந்தபோது பாலி கற்றுக்கொண்ட ரைஸ் டேவிட்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1881-இல் அந்தச் சொல்லுக்கு 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று மொழிபெயர்ப்புக் கொடுத்தார். அதுவே உலகெங்கும் நிலைத்துவிட்டது. ஆங்கிலத்தில் அவர் தேடிப் பிடிக்க வேண்டியிருந்த பொருள் தமிழில் நம் வாயில் அன்றாடம் புழங்குகிறது. பழையதை மனத்தில் வைத்திருப்பதையும் நினைவு என்கிறோம், மயங்கி விழுந்தவரை நினைவு தப்பிவிட்டது என்கிறோம், குழம்பை அடிப்பிடிக்க விட்ட மருமகளிடம் "நினைப்பெல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்கிறோம். ஸதி என்ற சொல்லிலும் இந்த இரண்டு பொருளும் உண்டு. செய்துகொண்டிருக்கும் செயலை மறந்துவிடாமல் அதன் நினைவோடு இருப்பதும், மறந்துவிட்டால் மறந்துவிட்டோம் என்று நினைவு வந்து திரும்புவதும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே அந்தப் பயிற்சி. மனத்தை வெறுமையாக்குவது என்ற பேச்சு அதில் எங்கும் இல்லை.

இதைப் பழைய ஆசான்கள் எவ்வளவு நிதானமாகக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து விசுத்திமக்கம் என்ற பெருநூலை எழுதிய பௌத்தத் துறவி புத்தகோசர், தாம் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைத் தம் உரைநூல் ஒன்றின் முடிவில் குறிப்பிட்டவர். மூச்சைக் கவனிக்கத் தொடங்குபவர் முதலில் மூச்சை எண்ண வேண்டும் என்றும், எண்ணிக்கையை ஐந்துக்குக் குறைவாக நிறுத்தவும் கூடாது, பத்துக்கு மேல் கொண்டுபோகவும் கூடாது என்றும் அவர் சொல்கிறார். எப்படி எண்ணுவது என்பதற்கு அவர் காட்டும் உவமை நெல் அளப்பவர். படியை நிரப்பி 'ஒன்று' என்று சொல்லிக் கொட்டிவிட்டு, அடுத்த படியை நிரப்பும்வரையில், இடையில் கண்ணில் படும் குப்பையை எடுத்துப் போட்டுக்கொண்டே, 'ஒன்று, ஒன்று' என்று சொல்லிக்கொண்டிருப்பாராம். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்க் களத்துமேடு கண்முன் வந்து நின்றது. என் தகப்பனார் மரக்காலால் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லமாட்டார். 'லாபம்' என்றுதான் தொடங்குவார். இரண்டாவது மரக்கால் நிறையும்வரை "லாபம்... லாபம்..." என்று இழுத்துக்கொண்டே இருப்பார். யாராவது குறுக்கே பேச்சுக் கொடுத்தால் தலையை மட்டும் அசைப்பார். வாயில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். எண் தவறினால் அளந்த குவியலைக் கலைத்துவிட்டு மறுபடியும் லாபத்திலிருந்து தொடங்குவார். கோபமோ சலிப்போ அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை. மூச்சை எண்ணுவதற்கு இதைவிட நல்ல பாடத்தை எந்த ஒலிப்பதிவிலும் நான் கேட்டதில்லை.

அதே நூலில் கன்றுக்குட்டி உவமை ஒன்றும் வருகிறது. கட்டுக்கு அடங்காத கன்றைப் பழக்க நினைக்கும் மாட்டுக்காரர் அதைத் தாயிடமிருந்து பிரித்துக்கொண்டுபோய் ஓரிடத்தில் வலுவான முளை அடித்துக் கட்டுவார். கன்று அங்கும் இங்கும் துள்ளும், இழுக்கும். ஓடிவிட முடியவில்லை என்றானபின் அந்த முளைக்குப் பக்கத்திலேயே நிற்கும், படுக்கும். மனம் கன்று, மூச்சு முளை, ஸதி கயிறு. கன்று துள்ளுவதைக் குற்றமாக அந்த மாட்டுக்காரர் எண்ணியதாக நூலில் இல்லை. மாடு வளர்த்த நம்மில் யாரும் அப்படி எண்ணவும் மாட்டோம்.

நான் இந்தப் பயிற்சிக்கு வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். என் கணவர் இறந்த அடுத்த ஆண்டு, தூக்கம் முற்றிலும் கெட்டுப்போயிருந்த நிலையில், உடன் வேலை பார்த்த தோழி ஒருவரின் பேச்சைக் கேட்டுப் பத்து நாள் விபாசனா தியான வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். பர்மாவில் தலைமைக் கணக்காயராகப் பணியாற்றிக்கொண்டே தியானம் கற்பித்த ஊ பா கின் என்பவரிடம், கடுமையான ஒற்றைத் தலைவலியால் அவதிப்பட்ட மாண்டலே வணிகர் கோயங்கா 1955-இல் கற்றுக்கொண்டு, 1969-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த முறை அது. கட்டணம் கிடையாது, முன்பே பயிற்சி முடித்தவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. விடிகாலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள். இரவு 9 மணிவரை நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் உட்கார வேண்டும். கைப்பேசியைக் கொடுத்துவிட வேண்டும், யாரிடமும் பேசக்கூடாது. முதல் மூன்று நாளும் மூக்கு நுனியில், மேலுதட்டுக்கு மேலே, மூச்சு பட்டுப் போவதைக் கவனிப்பது ஒன்றுதான் வேலை.

முதல் நாள் முழுக்க நான் நான்கு மூச்சுக்கு மேல் தொடர்ந்து கவனித்திருக்கமாட்டேன். மூன்றாம் நாள் காலையில் சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கீழே தவறவிட்டார்கள். அந்த ஓசை கேட்டதுதான் தாமதம், என் கணவர் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடி நடுங்கும் கையால் டம்ளரை மேசைமேல் வைக்கப்போய்த் தவறவிட்ட அந்த இரவு அப்படியே திரும்பி வந்தது. தியானக் கூடத்தில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதேன். நண்பகலில் ஆசிரியையைத் தனியே பார்த்துக் கேட்க நேரம் ஒதுக்கியிருந்தார்கள். போய்ச் சொன்னேன். அந்த அம்மாள் ஆறுதலாக எதுவும் பேசவில்லை, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்போது மூச்சு தெரிகிறதாம்மா?" என்று மட்டும் கேட்டார். தெரிகிறது என்றேன். "இந்த ஒன்று போதும், அழுகை வந்தால் வரட்டும்" என்றார். அந்தச் சொல்லை நான் இன்றுவரை மறக்கவில்லை. ஓர் ஆள் எதிரில் இருந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டதால் கிடைத்தது அது. பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்று அந்த நேரத்தில் என்னிடம் எண்ணங்களை விரட்டு என்று சொல்லியிருந்தால், நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்திருப்பேன்.

நான்காம் நாளிலிருந்து ஒரு மணி நேரம் கை காலை மாற்றாமல் உட்காரும் அமர்வுகள் வந்தன. வலது முழங்கால் இருபதாவது நிமிடத்திலேயே வலிக்கத் தொடங்கிவிடும். வலி என்று ஒரே சொல்லாக நான் அதுவரை சொல்லிவந்ததற்குள், உள்பக்கம் ஒரு சூடும், எலும்புக்கு மேலே ஒரு துடிப்பும், தொடையை நோக்கி ஓர் இழுப்பும் தனித்தனியே இருப்பது மெல்லப் புலப்பட்டது. துடிப்பு நின்று நின்று வந்தது. சூடு ஏறி இறங்கியது. இவற்றைவிட அதிகமாக என்னை வதைத்தது 'இன்னும் எத்தனை நிமிடம் இருக்கிறது' என்ற நினைப்புதான். அதையும் ஒரு நினைப்பு என்று பார்த்தவுடன் முழங்கால் முழங்காலாக மட்டும் இருந்தது. வலி போய்விடவில்லை, இப்போதும் மாடிப்படி ஏறினால் வலிக்கிறது.

நவீன மருத்துவமும் இந்தப் பயிற்சியை இந்த இடத்திலிருந்துதான் கையில் எடுத்தது. மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்ற ஜான் கபாட்-ஜின், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1979-இல் ஒரு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். மருந்தால் மேலும் செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்த நாள்பட்ட வலியுள்ளவர்கள் அவரிடம் அனுப்பப்பட்டார்கள். அவருடைய பயிற்சி எட்டு வாரம் நடப்பது. வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேர வகுப்பு, வீட்டில் ஏறத்தாழ தினமும் 45 நிமிடப் பயிற்சி, இடையில் ஒரு முழுநாள் மௌனம். முதல் வகுப்பில் ஒவ்வொருவர் கையிலும் உலர்ந்த திராட்சை ஒன்றைக் கொடுத்து, அதன் சுருக்கங்களைப் பார்த்து, விரலால் உருட்டி, முகர்ந்து, பிறகு மெதுவாகக் கடிக்கச் சொல்வார்கள். பின்னர் இதைத் தழுவி, மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்காக டீஸ்டேல், சீகல், வில்லியம்ஸ் ஆகிய மூன்று உளவியலாளர்கள் ஒரு சிகிச்சையை அமைத்தார்கள். 2000-இல் வெளியான அவர்களது ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வுக்கு ஆளாகி மீண்டவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 66 விழுக்காடு நோய் திரும்பியது. இந்தப் பயிற்சியும் பெற்றவர்களுக்கு அது 37 விழுக்காடாகக் குறைந்தது. இரண்டே முறை நோய்வாய்ப்பட்டிருந்தவர்களிடம் அந்தப் பயன் காணப்படவில்லை. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் நிறுவனம் 2004-இல் இதைப் பரிந்துரைத்தபோதும் மூன்று முறையோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே பரிந்துரைத்தது. யாருக்கு, எவ்வளவு காலம், யார் மேற்பார்வையில் என்ற கேள்விகளுக்கு இவ்வளவு கவனமாக விடை தேடியவர்களின் உழைப்பை மேற்கோள் காட்டிவிட்டு, நாம் ஒலிபெருக்கியில் ஐந்து நிமிடம் போடுகிறோம்.

பள்ளிகளைப் பொறுத்தவரை இதைவிடத் தெளிவான சான்று இருக்கிறது. பிரிட்டனில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில், 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட பெரிய ஆய்வின் முடிவுகள் 2022-இல் வெளிவந்தன. பதினொன்று வயதிலிருந்து பதினான்கு வயதுக்குள் இருந்த, அதாவது என் பேத்தியின் வயதுப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய ஆசிரியர்களே பயிற்சி பெற்று வந்து வகுப்பெடுத்தார்கள். வழக்கமான பாடங்களைப் படித்த பிள்ளைகளைவிட இவர்களுடைய மனநலம் மேம்பட்டதாக அந்த ஆய்வு காணவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. ஆனால் அதே ஆய்வில், பயிற்சி பெற்ற ஆசிரியர்களிடம் பணிச் சோர்வு குறைந்ததும், பள்ளியின் சூழல் சில வகைகளில் மேம்பட்டதும் தெரிந்தது. வகுப்பறையில் காலம் கழித்த எனக்கு இது வியப்பாக இல்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஆசிரியை சொல்வதைக் கேட்பதைவிட ஆசிரியை இருக்கும் விதத்தைப் பார்த்துத்தான் அதிகம் கற்றுக்கொள்கிறது. தாம் எழுதும் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாதவர், பிள்ளைகளை நிகழ்கணத்தில் இருக்கச் சொன்னால் அது அவர்களுக்குள் எப்படி இறங்கும்?

தில்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் மகிழ்ச்சிப் பாடத்திட்டம் என்ற பெயரில் ஒரு பாடவேளை தொடங்கப்பட்டபோது, அதன் தொடக்கத்தில் சில நிமிடங்கள் கவனப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டன. அதில் எனக்குப் பிடித்தது, அதைத் தொடர்ந்து கதையும் உரையாடலும் இருந்ததுதான். பிள்ளை வாய்திறந்து பேச வழி இருந்தால்தான் 'எனக்கு மட்டும் வரவில்லை' என்ற எண்ணம் வெளியே வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்ணை மூடி உள்ளே பார்ப்பது எல்லோருக்கும் அமைதி தருவதில்லை. பிரவுன் பல்கலைக்கழகம் சார்ந்த ஆய்வாளர்கள், தியானத்தால் இடர்ப்பட்டவர்களை நேரில் கண்டு பேசி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், அச்சம், தூக்கமின்மை, பழைய துயரங்கள் மேலெழுதல் போன்றவற்றைப் பலர் விவரித்திருக்கிறார்கள். அதனால்தான் நான் சென்ற வகுப்பிலும் சேரும் முன் மனநோய் ஏதும் உண்டா, மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா என்றெல்லாம் விண்ணப்பத்திலேயே கேட்டார்கள். வீட்டில் குடித்துவிட்டு அடிக்கும் தகப்பனோடு வாழும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். என் வகுப்புகளிலும் இருந்தார்கள். அந்தப் பிள்ளைக்குக் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. அதன் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது கொடுமை.

ஆகவே, இதைப் பள்ளிகளில் நடத்த விரும்புவோருக்கு என் வேண்டுகோள் இதுதான். முதலில் ஆசிரியர்கள், அதுவும் தாமே விரும்பி முன்வருபவர்கள், முறையாகக் கற்று ஓராண்டாவது பழகட்டும். பிறகு அவர்கள் தம் சொந்தக் குரலில், பிள்ளைகளுக்கு முன்னால் உட்கார்ந்து நடத்தட்டும். கண்ணை மூடுவதும் திறந்திருப்பதும் பிள்ளையின் விருப்பமாக இருக்கட்டும். மூச்சு பிடிக்காத பிள்ளை, தரையில் பதிந்த பாதத்தையோ வெளியே கேட்கும் காக்கையின் குரலையோ கவனிக்கட்டும். முடிந்தபின் இரண்டு நிமிடம், மனம் எங்கெல்லாம் போய்விட்டு வந்தது என்று பிள்ளைகள் சொல்லவேண்டும். முதலில் ஆசிரியை தம் மனம் எங்கே போனது என்று சொல்ல வேண்டும். இதைச் செய்ய ஆள் இல்லாத பள்ளி, அந்த நேரத்தில் பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிடுவது எவ்வளவோ மேல். தங்கள் நாளிதழும் இந்தப் பொருளில் அடுத்து எழுதும்போது, மனத்தை அடக்குவது, வெறுமையாக்குவது என்ற சொற்களைத் தவிர்த்து, போன மனத்தைத் திரும்ப அழைத்து வருவது என்று எழுதினால் வீட்டில் படிக்கும் பெற்றோர்களுக்கு உதவியாக இருக்கும்.

அன்று திண்ணையில் என் பேத்தியிடம், எனக்கும் பத்து ஆண்டுகளாக மனம் காலியானதே இல்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. பிறகு அவளுடைய கொள்ளுத்தாத்தா நெல் அளந்த கதையைச் சொல்லி, மூச்சு வெளியே போகும்போது ஒன்றுக்குப் பதில் லாபம் என்று எண்ணச் சொன்னேன். அவளுக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. இப்போது இரவில் படுத்தபிறகு, விளக்கை அணைத்துவிட்டு, இருவரும் எண்ணுகிறோம். நேற்று ஆறு வரைக்கும் போனாளாம். அங்கே கணக்கு டெஸ்ட் வந்ததாம். திரும்பவும் லாபத்திலிருந்து தொடங்கினாளாம். காலையில் பல் துலக்கிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
திருவாரூர் மாவட்டம்.